சிம்மசொப்பனமும் ஓர் ஆங்கிலச் சொல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மறைந்தபோது, ஆங்கில நாளிதழில் வந்த அஞ்சலிக் குறிப்பு அவரை 'ரிடவுட்டபிள்' என்று குறிப்பிட்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகன், 'டவுட்' என்றால் சந்தேகம், 'ரி' என்றால் மறுபடியும், ஆகவே மறுபடியும் மறுபடியும் சந்தேகிக்கப்பட வேண்டியவர் என்று அதற்குப் பொருள் சொன்னான். மறைந்தவரைப் பற்றி அப்படியெல்லாம் எழுதுவார்களா? இது புகழ்ச்சியா, இகழ்ச்சியா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: புகழ்ச்சிதான் அம்மா. ஆனால் நல்லவர், வல்லவர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற புகழ்ச்சி அன்று. ஒருவருடைய திறமையும் உறுதியும் எதிரே நிற்பவருக்கு ஒருவகை அச்சத்தை உண்டாக்கி, அந்த அச்சத்தோடு கூடவே மதிப்பையும் உண்டாக்குமானால், அவரை ஆங்கிலத்தில் ரிடவுட்டபிள் என்பார்கள். எதிர்த்தரப்பில் வாதாடப்போகும் வழக்கறிஞர் இன்னார் என்று தெரிந்தவுடன் கட்சிக்காரர் கவலைப்பட, அவருடைய வழக்கறிஞர் அன்றிரவு கூடுதலாக நான்கு தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் படுப்பாரே, அந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இந்தச் சொல் பொருந்தும். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் வகுப்பறைகளை அடங்க வைத்து, அதே சமயம் எந்தப் பிள்ளைக்கும் அநீதி செய்யாமல் பள்ளியை நடத்திய ஒரு தலைமையாசிரியைக்கும் நன்றாகவே பொருந்தும். அந்தக் குறிப்பை எழுதியவர் மரியாதையோடுதான் எழுதியிருக்கிறார்.

உங்கள் மகன் சொல்லைப் பிரித்துப் பார்த்த முறையைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே 'டவுட்' இருப்பது உண்மைதான். அவர் தவறியது அந்த 'டவுட்'டின் வயதில். லத்தீனில் 'துபிதாரே' என்றால் ஐயுறுதல், தயங்குதல். இரண்டு என்ற எண்ணைக் குறிக்கும் 'துவோ' அதன் அடியில் இருக்கிறது. ஒரு காரியத்தில் இரு மனமாக நிற்பதுதான் ஐயம். ஜெர்மன் மொழியிலும் ஐயத்தைக் குறிக்கும் 'ட்ஸ்வைஃபல்' என்ற சொல் இரண்டைக் குறிக்கும் 'ட்ஸ்வை' என்பதிலிருந்தே வந்தது. லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இறங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவனுடைய தயக்கத்துக்குப் பெரும்பாலும் பயமே காரணமாக இருப்பதாலோ என்னவோ, 'அஞ்சுதல்' என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் அழுத்தம் கொடுப்பதற்காக ஒரு 'ரு' சேர்ந்து, மிகவும் அஞ்சுதல் என்ற பொருளில் 'ருதூத்தே' என்ற வினைச்சொல் உருவானது. இன்றைய பிரெஞ்சிலும் அது அதே பொருளில் வழங்குகிறது. ஆகவே முன்னொட்டாக நிற்கும் 'ரி' இங்கே 'மறுபடியும்' என்று பொருள்படாது, மிகுதியைக் குறிக்கிறது. அந்த வினையிலிருந்து பிறந்த பெயரடை 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, 'மிகவும் அஞ்சத்தக்க' என்ற பொருளோடுதான் நுழைந்தது.

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'டவுட்' என்ற தனிச்சொல்லுக்கே ஐயம், அச்சம் என்ற இரண்டு பொருளும் இருந்தன. பிற்காலத்தில் பொது ஆங்கிலம் அச்சத்தை உதறிவிட்டு ஐயத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட பகுதிகளிலும் மட்டும் பழைய பொருளின் சாயல் இன்றும் பேச்சில் இருக்கிறது: அங்கே ஒருவர் 'ஐ டவுட்' என்று தொடங்கி மழையைப் பற்றிச் சொன்னால், மழை வராது என்று அவர் நினைக்கவில்லை, வந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். நாமும் 'மழை வந்துவிடுமோ என்று சந்தேகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே குடையை எடுத்துக்கொள்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பொருள் நமக்கு அவ்வளவு தொலைவானது அன்று.

இதே குடும்பத்தைச் சேர்ந்த 'ரிடவுட்டட்' என்ற வடிவத்தை 15ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் அரசர்களையும் பிரபுக்களையும் விளிப்பதற்குப் பயன்படுத்தினார்கள். 'மிகவும் அஞ்சப்படுபவராகிய என் தலைவரே' என்று ஒரு குடிமகன் தன் பிரபுவுக்கு எழுதினால், பிரபு அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். அஞ்சப்படுவது அதிகாரத்துக்குரிய அணியாக எண்ணப்பட்ட காலம் அது. இன்று அந்த விளி வழக்கொழிந்துவிட்டது. பெயரடை மட்டும், அரண்மனையை விட்டு வெளியே வந்து, பதவியால் அல்லாமல் தம் ஆற்றலால் அஞ்சப்படுகிறவர்களுக்கு உரியதாகிவிட்டது. சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தில் இருக்கும் 'பி' ஒலிக்காது. 'ரி-டவுட்-டபிள்' என்று இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும். 'டவுட்', 'டெட்' (கடன்) ஆகிய சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அவற்றில் 'பி' இல்லவே இல்லை. லத்தீன் மூலத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று விரும்பிய அறிஞர்கள் பிற்காலத்தில் அந்த எழுத்தைச் செருகினார்கள். எழுத்து உள்ளே வந்தது, ஒலி வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நூற்றாண்டுகளாக அந்த எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: போர் வரலாறு படிக்கும்போது 'ரிடவுட்' என்று ஒருவகைக் கோட்டை அடிக்கடி வருகிறது. எதிரிகள் அஞ்சுவதால்தான் அதற்கு அந்தப் பெயரா?
(வேலூர் வாசகர்)

பதில்: இல்லை, அது வேறு வீட்டுப் பிள்ளை. பின்னால் ஒதுங்கிய இடம், புகலிடம் என்று பொருள்படும் இடைக்கால லத்தீனின் 'ரெதுக்துஸ்' இத்தாலியில் 'ரிதோத்தோ' ஆகி, பிரெஞ்சில் 'ருதூத்' ஆகி, 1600ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஒலி ஒத்திருந்ததால் இதுவும் 'டவுட்' குடும்பம்தான் என்று எண்ணி இதற்குள்ளும் ஒரு 'பி'யை வைத்துவிட்டார்கள். முதன்மை அரணுக்கு வெளியே மண்மேடு எழுப்பி அமைக்கும் சிறு காப்பரணுக்கு அந்தப் பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் 1781 அக்டோபர் 14 இரவு, யார்க்டவுனில் 9, 10 என்று எண்ணிடப்பட்டிருந்த இரண்டு ரிடவுட்டுகளை முறையே பிரெஞ்சுப் படையும் அமெரிக்கப் படையும் பாய்ந்து கைப்பற்றிய ஐந்தாம் நாள், பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. பின்னாளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவர் அதே கார்ன்வாலிஸ்தான்.

கேள்வி: ஃபார்மிடபிள், இன்டாமிட்டபிள், இன்ட்ரெப்பிட், டவுட்டி, ரிடவுட்டபிள் ஆகிய எல்லாவற்றுக்கும் என் அகராதியில் ஏறத்தாழ ஒரே பொருள்தான் இருக்கிறது. எதை எங்கே பயன்படுத்துவது?
(போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் மதுரை வாசகர்)

பதில்: யாருடைய மனநிலையைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் நீங்கிவிடும். இன்ட்ரெப்பிட் என்பது நடுக்கமற்ற என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அஞ்சாதவர் என்று அவருடைய உள்ளத்தைச் சொல்கிறது. இன்டாமிட்டபிள் என்பது பழக்கி அடக்க முடியாத என்ற பொருளுடையது. எத்தனை அடி விழுந்தாலும் பணியாத மன உறுதியைச் சொல்கிறது. இவை இரண்டும் அவருக்குள்ளே நடப்பதைக் குறிக்கின்றன. ஃபார்மிடபிளும் ரிடவுட்டபிளும் அவரைப் பார்க்கும் நமக்குள்ளே நடப்பதைக் குறிக்கின்றன. யாரும் எதிரே இல்லாத தனித்தீவில் ஒருவர் இன்டாமிட்டபிளாக இருக்கலாம். ரிடவுட்டபிளாக இருக்க முடியாது.

ஃபார்மிடபிளுக்கும் ரிடவுட்டபிளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நுட்பமானது. லத்தீனில் 'ஃபோர்மிதோ' என்றால் பெரும் பயம். ஃபார்மிடபிள் இன்று மனிதருக்கு மட்டுமல்லாமல் மலைக்கும், கடன் சுமைக்கும், பாடத்திட்டத்துக்கும், எதிரணியின் பந்துவீச்சுக்கும் பொருந்துகிற அகலமான சொல். மலைக்க வைக்கிற எதுவும் ஃபார்மிடபிள்தான். ரிடவுட்டபிள் பெரும்பாலும் மனிதரையும், மனிதரோடு ஒட்டிய அறிவு, நினைவாற்றல், புகழ் போன்றவற்றையும்தான் நாடுகிறது. அந்த மனிதரை நாலு பேருக்கு ஏற்கெனவே தெரியும், அவருக்கென்று ஒரு பேர் இருக்கிறது என்ற தொனியும் அதில் உண்டு. அதனால்தான் ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் 'தி ரிடவுட்டபிள் இன்னார்' என்று வருவது அதற்கு மிக இயல்பான இடம். கொஞ்சம் பழைய மெருகும், சில இடங்களில் அன்பான புன்னகையும் அந்தத் தொடரில் சேர்ந்துகொள்ளும்.

டவுட்டிக்கும் 'டவுட்'டுக்கும் ஒலியைத் தவிர எந்த உறவும் இல்லை. தகுதியுள்ள, வலிமையுள்ள என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொந்தச் சொல் அது. துணிவோடும் விடாப்பிடியோடும் போராடுகிறவரைக் குறிக்கும். இன்று பேச்சில் அரிது.

இந்தச் சொற்களில் நான்கு ஒரே நாளில் ஒரே கடலில் ஒன்றாக நின்றிருக்கின்றன. 1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயினின் டிரஃபால்கர் முனைக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படையை எதிர்கொண்ட பிரெஞ்சு வரிசையில் ஃபார்மிதாபிள், அந்தோம்தாபிள், அந்த்ரெப்பீத், ருதூத்தாபிள் என்று நான்கு கப்பல்கள் இருந்தன. மேலே சொன்ன நான்கு ஆங்கிலச் சொற்களின் பிரெஞ்சு வடிவங்களே அவை. ஃபார்மிதாபிள் அன்று தப்பித்து, நவம்பர் 4ஆம் தேதி வேறொரு மோதலில் பிடிபட்டது. அந்தோம்தாபிள் போருக்குப் பின் வந்த புயலில் சிக்கி உடைந்தது. அந்த்ரெப்பீத் தனியாக நின்று நெடுநேரம் போராடிச் சரணடைந்து, பிறகு எரிக்கப்பட்டது. பெயருக்கு முழுமையாக உரிமை கொண்டாடியது ருதூத்தாபிள்தான்.

74 பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பலின் தலைவர் ழான் ழாக் லூக்கா உயரம் குறைந்தவர். கண்டவுடன் அஞ்ச வைக்கும் உருவம் அன்று. பீரங்கிப் போட்டியில் பிரிட்டிஷாரை வெல்வது கடினம் என்று உணர்ந்திருந்த அவர், தம் ஆட்களுக்குக் கைத்துப்பாக்கிச் சூட்டிலும், எறிகுண்டு வீசுவதிலும், எதிரிக் கப்பலின் மேல்தளத்தில் தாவி ஏறுவதிலும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருந்தார். 100க்கும் மேற்பட்ட பீரங்கிகளோடு வந்த, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலோடு அது உரசி நின்று போரிட்டபோது, ருதூத்தாபிளின் பாய்மரத்தின் மேலிருந்து சுடப்பட்ட ஒரு குண்டு நெல்சனின் தோளில் பாய்ந்து முதுகெலும்பைத் துளைத்தது. அன்று மாலையே அவர் இறந்தார். மறுபுறத்திலிருந்து 'டெமரேர்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் வந்து மோதிய பிறகே லூக்கா பணிந்தார். அப்போது அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் இறந்தோ காயமுற்றோ கிடந்தார்கள். கப்பலும் மறுநாள் மூழ்கியது. தோற்ற அந்தக் கப்பல் தலைவரை நெப்போலியன் அழைத்துப் பெருமைப்படுத்தினார். தோற்றவரும் ரிடவுட்டபிளாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெயரைப் பிரான்ஸ் கைவிடவும் இல்லை. அணுகுண்டு ஏவுகணைகளைச் சுமக்கும் அந்நாட்டின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், 1967 மார்ச் 29 அன்று குடியரசுத் தலைவர் தெ கோல் முன்னிலையில் ஷெர்பூரில் நீரில் இறக்கப்பட்டபோது சூட்டிக்கொண்ட பெயரும் ருதூத்தாபிள்தான். இன்று அதே ஊரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

தேர்வுக்குப் படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: இன்றைய பிரெஞ்சில் 'ஃபார்மிதாபிள்' என்றால் 'பிரமாதம்' என்றுதான் பொருள். பாரிஸ்காரர் உங்கள் சமையலை அப்படிச் சொன்னால் மகிழுங்கள். அச்சத்தைக் குறித்த சொல் வியப்பைக் குறிப்பதாக மாறுவது எல்லா மொழியிலும் நடக்கிறது. 'பயங்கரமா நடிச்சிருக்கான்' என்று நம் இளைஞர்கள் பாராட்டுவதில் பயம் எங்கே இருக்கிறது?

கேள்வி: இந்தச் சொல்லைப் பெரும்பாலும் வயதான பெண்களுக்கே பயன்படுத்துவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. ஆண் கண்டிப்பாக இருந்தால் நிர்வாகி, பெண் கண்டிப்பாக இருந்தால் ரிடவுட்டபிள் என்பது சரியா?
(கோவையிலிருந்து ஒரு பேராசிரியை)

பதில்: சொல்லுக்குப் பால் வேறுபாடு இல்லை, ஆனால் நீங்கள் கவனித்த போக்கு இருப்பதை மறுக்க மாட்டேன். அத்தையையும், விடுதிக் காப்பாளரையும், தலைமைச் செவிலியரையும் இந்தச் சொல்லால் குறித்துவிட்டு, அவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதைச் சொல்லாமலே நகர்ந்துவிடும் வழக்கம் ஆங்கில எழுத்தில் நெடுங்காலமாக உண்டு. அப்படி எழுதும்போது மதிப்பு கழன்றுபோய், எரிச்சலும் ஏளனமும் மட்டும் மிஞ்சுகின்றன. அது சொல்லின் குற்றம் அன்று, சோம்பலான எழுத்தின் குற்றம். சொல்லுக்குரிய காரணத்தையும் உடன் எழுதிவிட்டால் ஏளனம் நுழைய இடமிருக்காது.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் விளக்கேந்தி நோயாளிகளிடையே நடந்த கருணை உருவம் மட்டுமே நம் பாடநூல்களில் இருக்கிறது. கிரிமியப் போரிலிருந்து 1856இல் திரும்பிய பிறகு அவர் செய்ததுதான் பெரிது. உடல் நலிந்து பெரும்பாலும் அறையை விட்டு வெளிவராத நிலையில், படுக்கையிலிருந்தபடியே புள்ளிவிவரங்களைத் திரட்டி, வீரர்களில் மிகப் பலர் காயத்தால் அல்லாமல் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தார்கள் என்பதை வண்ண வரைபடங்களாக்கி அமைச்சர்கள் முன் வைத்தார். 1857இல் ராணுவச் சுகாதாரத்துக்காக ஓர் அரச ஆணையம் அமைந்தது. 1859இல் இந்தியாவிலிருந்த ராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய இன்னொன்று அமைந்தது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத அவர், இங்கிருந்த படை நிலையங்களுக்கெல்லாம் வினாப்பட்டியல் அனுப்பி, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டு வாங்கினார். 1863இல் அந்த ஆணையத்தின் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. அவருக்கு வாக்குரிமை இல்லை, பதவி இல்லை. தம் கையிலிருந்த கணக்குகளாலும் விடாப்பிடியாலும் அமைச்சர்களைத் தயங்க வைத்தவர் அவர். இவரை ரிடவுட்டபிள் என்று எழுதும்போது யாரும் ஏளனமாகச் சிரிக்க முடியாது.

ஆண்களில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், ஆங்கில அகராதியை 1755இல் வெளியிட்ட சாமுவேல் ஜான்சனைச் சொல்வேன். வாதத்தில் அவரிடம் மாட்டிக்கொள்ள லண்டனில் யாரும் விரும்பியதில்லை. அவருடைய துப்பாக்கி வெடிக்காமல் போனால் அதன் அடிக்கட்டையால் அடித்து வீழ்த்திவிடுவார் என்று அவருடைய நண்பர் கோல்ட்ஸ்மித்தே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களை அவருக்குப் பிடிக்காது என்று கேள்விப்பட்டிருந்த ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற 22 வயது ஸ்காட்லாந்து இளைஞர், 1763 மே 16 அன்று ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் அவரை முதன்முதலாகச் சந்திக்க நேர்ந்தபோது, தாம் எந்த ஊர்க்காரர் என்பதைச் சொல்லிவிட வேண்டாம் என்று கடைக்காரரிடம் கெஞ்சினார். கடைக்காரர் சொல்லிவிட்டார். 'நான் ஸ்காட்லாந்திலிருந்து வருவது உண்மைதான், ஆனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?' என்று இளைஞர் தடுமாற, 'உங்கள் நாட்டவர் மிகப் பலருக்கும் அந்த விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதைக் காண்கிறேன்' என்று ஜான்சன் திருப்பி அடித்தார். அடிபட்ட பாஸ்வெல் ஓடிவிடவில்லை. சில நாட்களிலேயே அவர் வீட்டுக்குப் போனார். நட்பு ஜான்சன் இறக்கும் வரை நீடித்தது. ஒருவரிடம் அஞ்சிக்கொண்டே அவரை மீண்டும் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுமானால், அவர்தான் ரிடவுட்டபிள். அச்சம் மட்டும் இருந்து, இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று தோன்றுமானால், அவருக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. கொடுங்கோலர்களுக்கும் அடியாட்களுக்கும் இந்தச் சொல்லைக் கொடுத்து வீணாக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் 'அஞ்சத்தக்க' என்று எழுதுகிறேன். ஏதோ கொள்ளைக்காரனைச் சொல்வதுபோல் இருக்கிறது. தமிழில் வேறு என்ன எழுதலாம்?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பெயரடைக்குப் பெயரடையே வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் தமிழில் வழிகள் ஏராளம். முதலில் நினைவுக்கு வர வேண்டியது 'சிம்மசொப்பனம்'. கனவில் சிங்கத்தைக் கண்டாலே யானை அஞ்சி உயிர்விடும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த தொடர் அது. 'எதிர்க்கட்சிகளுக்குச் சிம்மசொப்பனமாக விளங்கினார்' என்று எழுதும்போது எதிரியின் அச்சமும் எழுதுகிறவருடைய மதிப்பும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆனால் யாருக்குச் சிம்மசொப்பனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயருக்கு முன்னால் வெறுமனே ஒட்டவைக்க முடியாது. பத்திரிகைகள் அதைத் தேய்த்துவிட்டன என்ற குறை உண்டு, என்றாலும் உரிய இடத்தில் அதன் வலிமை குறையவில்லை.

உரையாடலாக இருந்தால் 'அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை' என்பதைவிடப் பொருத்தமானது கிடையாது. எதிர்மறையில் அமைந்த இந்தத் தொடரில் எச்சரிக்கையும் பாராட்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. கேட்பவர் உடனே நிமிர்ந்து உட்காருவார். கதை சொல்லும் நடையாக இருந்தால் 'எமகாதகர்' பொருந்தலாம். எமனையே கொல்பவர் என்ற அதன் சொற்பொருளில் பயமும் வியப்பும் இருக்கின்றன, ஆனால் தந்திரக்காரர் என்ற வாடையும் கொஞ்சம் அடிக்கும். ஆகவே தலைமையாசிரியைக்கு அஞ்சலி எழுதும்போது அது வேண்டாம். 'அசகாய சூரர்' என்பதற்குத் துணை வேண்டாத வீரர் என்று நல்ல பொருள்தான். இப்போது பலரும் அதைக் கேலிக்கே பயன்படுத்துவதால் தயங்க வேண்டியிருக்கிறது. 'கில்லாடி'யில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, கம்பீரம் இல்லை.

கட்டுரை நடையில் இரண்டு சொற்களாகப் பிரித்து எழுதுவதில் தவறே இல்லை. 'எளிதில் எதிர்க்க முடியாதவர்', 'எதிராளியும் மதித்து அஞ்சுபவர்', 'யாரும் எதிரே நின்று பேசத் தயங்கும் ஆளுமை' என்று இடத்துக்கேற்ப எழுதலாம். வழக்கறிஞராக இருந்தால் வாதத்தின் வலிமையையும், ஆட்டக்காரராக இருந்தால் எதிரணியின் கவலையையும், ஆசிரியராக இருந்தால் வகுப்பின் அமைதியையும் காட்டிவிட்டால், அந்த ஒற்றைப் பெயரடை செய்த வேலையை உங்கள் வாக்கியம் செய்துவிடும். 'வலிமைமிக்க', 'திறமைவாய்ந்த' என்று எழுதி முடித்துக்கொள்பவர்களோடு மட்டும் நான் உடன்பட மாட்டேன். அச்சம் போய்விட்டால் அந்தச் சொல்லே போய்விட்டது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மேலாளர் ஓய்வுபெறுகிறார். பிரிவு உபசார மடலை ஆங்கிலத்தில் நான் எழுதுகிறேன். 'அவர் ரிடவுட்டபிள் தலைவர்' என்று எழுதலாமா?
(திருச்சி வாசகர்)

பதில்: அவர் அப்படிப்பட்டவர் என்றால் எழுதலாம். தணிக்கைக்கு வந்தவர்களும், தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களும் அவரிடம் பேசும்போது கோப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு பேசினார்கள் என்றால், அந்த நிகழ்ச்சியையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு இந்தச் சொல்லை வையுங்கள். மடல் உயிர் பெறும். எல்லாரிடமும் மென்மையாகப் பழகி, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாமல் ஓய்வுபெறுகிறவராக இருந்தால், அது அவர்மீது போர்த்தப்படும் பிறர் சால்வையாகிவிடும். 'கைண்ட்' என்றோ 'கிரேஷியஸ்' என்றோ உள்ளதை எழுதுங்கள். நம் நாட்டு ஆங்கில வரவேற்புரைகளில் மேடையில் இருக்கும் அனைவரையும் வரிசையாக ரிடவுட்டபிள் என்று அழைக்கும் பழக்கம் இருக்கிறது. அச்சத்தையே அறியாத அந்தப் பயன்பாட்டில், 'மதிப்பிற்குரிய' என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை.

அவருடைய பெயரோடு சேர்த்து எழுதுவதாக இருந்தால் முன்னால் 'தி' போடுங்கள். 'தலைவர்' என்ற பொதுச்சொல்லோடு சேர்த்தால் 'எ' போட வேண்டும். இறுதி அசை 'ஏபிள்' என்று எழுதப்படுவது, 'ஐபிள்' அன்று. மடலை வாசிக்கப்போகிறவர் வேறொருவர் என்றால், 'பி'யை உச்சரிக்க வேண்டாம் என்பதை முன்னதாகவே சொல்லிவையுங்கள்.